போட்டோ காட்

கோயம்புத்தூர்,
8 ஜூன் 2025

பத்ரி அவர்களுக்கு,

போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன். பட்டுவிடம் பேச வேண்டுமென்றால் சாயங்காலம் அம்மாவின் நம்பருக்குக் கூப்பிடுங்கள், குழந்தையிடம் கொடுப்பாள். எனக்குச் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள். போனில் பேசும்போது நீங்கள் கம்ப்யூட்டரில் படங்களைத் தள்ளிக்கொண்டே 'உம்' கொட்டுவது எனக்குக் கேட்கிறது. எழுதினால் ஒரு கையாவது என்னிடம் இருக்கும்.

நான் ஏன் வந்தேன் என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். தெரியாத மாதிரி கேட்பதும் ஒரு சாமர்த்தியம்தான். பிப்ரவரியில் அப்பா போன செய்தி வந்தபோது நம் வீட்டு அடுக்களை வாசலில் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். நீங்கள் எதிரே வந்தீர்கள். என்னைப் பிடித்துக்கொள்ள வருகிறீர்கள் என்று நினைத்தேன். ஷட்டர் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. அப்புறம்தான் கேமராவை வைத்துவிட்டு என் தோளைத் தொட்டீர்கள்.

அன்றைக்கு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. மே மாதம் உங்கள் கேமரா கிளப்பில் அந்தப் படத்துக்கு இரண்டாம் பரிசு கொடுத்து, ஔந்தில் இருக்கும் கிளப் ஹாலில் கதவளவு பெரிதாக மாட்டி, கீழே 'செய்தி' என்று தலைப்பும் வைத்திருந்ததைப் பார்த்தேன். யார் யாரோ கையில் சமோசாவோடு என் முகத்துக்கு முன்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். "அதை எடுத்துடு" என்றேன். "அதான் எடுத்தாச்சே" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் பெட்டி கட்டினேன்.

இங்கே பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அண்ணா பேசி, ஜூலைக் கடைசிவரை பட்டுவுக்கு ஓர் இடம் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறான். அதற்குள் அந்தப் படம் சுவரிலிருந்து இறங்கினால் நாங்கள் புனே வருகிறோம். இறங்காவிட்டால் அவள் இங்கேயே படிப்பாள். நான் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

வைஷ்ணவி


கராடி, புனே,
15 ஜூன் 2025

அன்புள்ள வைஷு,

'அவர்களுக்கு', 'நீங்கள்', கடைசியில் 'வைஷ்ணவி'. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு உன் முழுப்பெயரை இப்போதுதான் எழுத்தில் பார்க்கிறேன். கோபம் புரிகிறது.

பரிசு வாங்கிய படம் ஒரு வருஷம் ஹாலில் இருக்க வேண்டும் என்பது கிளப் வழக்கம். கேட்டுப் பார்க்கிறேன். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் அப்பா இல்லையாம். அதில் உன்னைக் கேலி செய்கிற மாதிரி எதுவும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் இதில் எப்படி விழுந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. என்னோடு வேலை பார்த்த தருண் கனடா போகும்போது தன் பழைய கேமராவை என் தலையில் கட்டினான். முதல் மாதம் எடுத்ததெல்லாம் ஒன்று வெள்ளையாக வெந்திருந்தது, இல்லையென்றால் கரியாக இருந்தது. விற்றுவிடலாம் என்றிருந்த ஒரு சனிக்கிழமை, நீ பால்கனிச் சுவரில் காப்பி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாய். வெயில் பக்கவாட்டில் விழுந்து, ஆவி மட்டும் தனியாகத் தெரிந்தது. சும்மா ஒன்று எடுத்தேன். கேமரா பிடிப்பது டம்ளரை இல்லை, டம்ளர் மேல் பட்ட வெளிச்சத்தை என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. அதற்குப் பிறகு ஆபீஸ் மீட்டிங்கில்கூட யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதில்லை, யார் கன்னத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு கிளப், ஞாயிற்றுக்கிழமை நடை, பழைய பேட்டைச் சந்துகள். முதல் படத்தை பிரிண்ட் போட்டுக் கையில் வாங்கிய அன்று அதை மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்தேன். இத்தனை வருஷமாக யாருக்கோ கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறேன், அதில் என் பெயர் எங்கேயும் கிடையாது. எனக்கே எனக்கு என்று இருப்பவை இந்தப் படங்கள்தான்.

ஒரு படம் இத்துடன் வைத்திருக்கிறேன். ஏப்ரலில் கசபா பேட்டையில் எடுத்தது. இடிக்கப்போகிற பழைய வாடா, அந்தக் காலத்து முற்றம் வைத்த பெரிய வீடு, எல்லாம் மர வேலை. மாடி ஜன்னலில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கிறாள். கேட்காமல்தான் எடுத்தேன், கேட்டால் முகம் மாறிவிடும். பெரிதாக்கி ஃப்ரேம் போட்டு நம் ஹாலில் மாட்டியிருக்கிறேன், உன் கடிகாரம் இருந்த இடத்தில். கடிகாரம் பத்திரமாக இருக்கிறது.

வேடிக்கையைக் கேள். அடுத்த ஞாயிறு போனபோது அவளே ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். "போட்டோ காட், போட்டோ காட்" என்றாள். என் தமிழ்க் காதில் 'காட்டு' என்று விழுந்தது. கேமராத் திரையை உயர்த்திக் காட்டினேன். இல்லையென்று தலையாட்டினாள். அப்புறம்தான் உறைத்தது, மராத்தியில் போட்டோ எடு என்பதற்கு 'காட்' என்பார்கள், கிளப்பில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். உடனே இன்னொன்று எடுத்தேன். அன்றிலிருந்து வாராவாரம் அவளே கேட்கிறாள், நானும் எடுக்கிறேன். ஆகையால் கேட்காமல் எடுக்கிறவன் என்று என்னை இனிமேல் சொல்லாதே.

முகம் மட்டும் சந்தோஷமாக இருப்பதில்லை. படத்துக்கு அதுதான் நல்லது.

உன் பத்ரி


கோயம்புத்தூர்,
21 ஜூன் 2025

பத்ரி அவர்களுக்கு,

படத்துக்கு அதுதான் நல்லது என்ற வரியை அண்ணாவிடமும் படித்துக் காட்டினேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

காப்பி டம்ளர் கதை நன்றாக இருக்கிறது. அந்தக் காப்பியை நான் ஆறிப்போய்க் குடித்தேன். "தொடாதே, தொடாதே, வெளிச்சம் போயிடும்" என்று என்னை நிறுத்தி வைத்தீர்கள். அது உங்கள் ஞாபகத்தில் இல்லை.

நீங்கள் எழுதியதற்கும் அனுப்பியதற்கும் பொருத்தம் இல்லை. அந்தப் பெண் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருக்கவில்லை. ஒரு கையை வெளியே நீட்டியிருக்கிறாள். எதையோ வாங்கிக்கொள்ளக் கை நீட்டுகிற மாதிரி இருக்கிறது. வேறு படத்தை மாற்றி வைத்துவிட்டீர்களா?

பட்டுவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் செல்லோடேப் போட்டு ஒட்டிக்கொண்டு, காலையில் எழுந்ததும் அவளோடு மராத்தியில் பேசுகிறாள். புனே ப்ளே ஸ்கூலில் கற்றுக்கொண்டதையெல்லாம் இங்கே பேச ஆளில்லை பாவம், பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் நீங்கள் டாக்டரைப் பார் என்பீர்கள். அம்மா பக்கத்தில் நின்று கூப்பிட்டால்கூட எனக்குக் காதில் விழுவதில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு மறந்துவிடுகிறேன். அப்பாவோடு நாற்பது வருஷம் இருந்த அம்மாவே இப்போது கோயிலுக்குப் போகிறாள், சீரியல் பார்க்கிறாள், எதிர்வீட்டு மாமியோடு வம்பு பேசுகிறாள். எனக்கு மட்டும் போன் இன்னும் காதிலேயே இருக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு இந்த ஊர் வெயிலில் நடக்கும்போதுகூட காலுக்கடியில் நம் புனே அடுக்களையின் டைல்ஸ் சில்லென்று படுகிறது. நகர முடியவில்லை. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியதிலிருந்துதான் இப்படி.

இன்னொரு தடவை கேட்கிறேன். அதை எடுங்கள்.

வைஷ்ணவி


கராடி, புனே,
29 ஜூன் 2025

அன்புள்ள வைஷு,

டாக்டரைப் பார் என்று சொல்ல மாட்டேன். துக்கம் ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி இருக்கும். படத்தின் மேல் பழி போடாதே என்று மட்டும்தான் சொல்கிறேன்.

கை விஷயம். உன் கடிதம் வந்ததும் ஹாலில் மாட்டியிருக்கும் படத்தைப் போய்ப் பார்த்தேன். ஒரு கைதான் கம்பியில் இருக்கிறது. இன்னொரு கை வெளியே இருக்கிறது. எடுத்தபோது நான்தான் சரியாகக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. எத்தனையோ தடவை இப்படி நடந்திருக்கிறது, வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் மூலையில் ஒரு பூனை இருப்பது தெரியும்.

வாராவாரம் போகிறேன். இரண்டு வாரம் முன்னால் அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு வாசல்படிவரை வந்துவிட்டாள். அதே பச்சைப் புடவை, அதே "போட்டோ காட்". நான் எடுக்க எடுக்க அவள் குரல் உயர்கிறது. நாலு வார்த்தை மராத்தி கூடத் தெரிந்திருந்தால் என்ன வேண்டுமென்று கேட்டிருப்பேன். கிளப்பில் புதிதாகச் சேர்ந்த அம்ருதா என்ற பெண்ணையும் கூட்டிப் போயிருந்தேன். ஔந்தில் வங்கி வேலை, போன மாதம்தான் கேமரா வாங்கியிருக்கிறாள், கண்ணில் படுவதையெல்லாம் எடுக்கிறாள், பழைய என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. "அந்த அம்மா என்ன சொல்றாங்க?" என்று அவளிடம் கேட்டேன். "எந்த அம்மா?" என்றாள். அதற்குள் பச்சைப் புடவைக்காரி உள்ளே போய்விட்டாள்.

எதிரே டீக்கடையில் விசாரித்தேன். கடைக்காரர் ஹிந்தியில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன். "மேல யாரும் இல்ல சாப். சுஷ்மா தாயி தனியா இருந்தாங்க. தினம் காலைல பால் வாங்க இறங்குவாங்க. ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை உங்கள மாதிரி கேமராக்காரங்க கூட்டமா வந்தாங்களே, அன்னிலேர்ந்து இறங்கல. பூட்ட உடைச்சுப் பாத்தாங்க. அடுப்பு மேல காலிப் பால் பாத்திரம் இருந்துது. அவங்க இல்ல."

காலையில் எடுத்த படத்தை அவரிடம் காட்டினேன். "வாசல்படிய எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டார். வெயிலில் திரை தெரிந்திருக்காது.

அந்தப் படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். வெளிச்சம் எப்படி விழுந்திருக்கிறது பார்.

உன் பத்ரி


கோயம்புத்தூர்,
5 ஜூலை 2025

பத்ரி,

கோபமெல்லாம் அப்புறம். நான் சொல்வதை உட்கார்ந்து படி. கையில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாதே.

நேற்று காலை பட்டு என்னிடம் வந்து, "அம்மா, அந்த அத்தைய எடுத்துடும்மா, அவ அழறா" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "அவதான் டெய்லி சொல்றாளே, போட்டோ காட், போட்டோ காட்னு." உன் கடிதத்தை நான் குழந்தைக்குப் படித்துக் காட்டவில்லை. அந்த வார்த்தை அவளுக்குத் தெரிய வழியே கிடையாது.

எனக்கு அப்போதுதான் ரீனா ஞாபகம் வந்தாள். கராடி வீட்டுக்குக் குடிபோன புதிதில் நம் வீட்டில் வேலை செய்தாளே, அவள்தான். பழைய குடித்தனக்காரர்கள் அடுக்களைச் சுவரில் யாரோ ஒரு தாத்தாவின் படத்தை மாலையோடு விட்டுப் போயிருந்தார்கள். ரீனா அதைக் காட்டி, "தாயி, தோ போட்டோ காடா" என்றாள். நானும் செல்போனை எடுத்து அந்தத் தாத்தாவை அழகாக ஒரு போட்டோ எடுத்தேன். ரீனா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி உன்னிடம் சொன்னேன், நீயும் சிரித்தாய். மறந்துவிட்டாயா?

காட் என்றால் கேமராவால் எடு என்பதும்தான், மாட்டியதைக் கழற்று என்பதும்தான். நம் தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? எடு என்றால் இரண்டும்தானே. நான் எடு என்றபோது நீ எடுத்தாச்சே என்றாய். அவள் காட் என்றால் நீ இன்னொன்று எடுக்கிறாய். அவள் உன்னைப் படம் எடுக்கச் சொல்லவில்லை பத்ரி. மாட்டியிருப்பதை எடுக்கச் சொல்கிறாள். நீ எடுக்க எடுக்க அவளைக் கட்டிப் போடுகிறாய்.

பட்டுவின் சுவரிலிருந்து அந்தப் படத்தை நான் உரித்தேன். செல்லோடேப்போடு சுண்ணாம்பும் வந்தது. திருப்பிப் பார்த்தால் ஜன்னல் இருந்தது, கம்பி இருந்தது, அவள் இல்லை. பட்டு எட்டிப் பார்த்து, "போயிட்டா" என்றாள். ரொம்ப சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். வாசல்படிப் படத்தை நான் எங்கேயும் மாட்டவில்லை, கவரிலேயே இருக்கிறது.

நம் ஹாலில் மாட்டியிருப்பதை இன்றைக்கே கழற்று. அப்புறம் ஔந்துக்குப் போ. அங்கே நான் நிற்கிறேன்.

வைஷு


கராடி, புனே,
12 ஜூலை 2025

வைஷு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். கோயம்புத்தூருக்கு அனுப்பியது மலிவான பேப்பர், மை மங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, ஹாலில் இருந்த ஃப்ரேமைக் கழற்றினேன். ஜன்னல் காலியாக இருந்தது.

அடுத்து நான் செய்ததை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. மறுபடியும் மாட்டினேன். வந்து நின்றாள். கழற்றினேன், போய்விட்டாள். மாட்டினேன், வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை வைஷு, உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம்தான் வந்தது. இப்படி ஒரு படம் உலகத்தில் வேறு யாரிடம் இருக்கும் என்று நினைத்தேன். கடைசித் தடவை மாட்டியபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கையைப் பார்த்ததும்தான் உன் ஞாபகம் வந்தது. அடுக்களை வாசலில் நான் கேமராவோடு வந்தபோது நீயும் இப்படித்தான் கையைத் தூக்கினாய். முகத்தை மூடுவதற்குள் நான் எடுத்துவிட்டேன். நம் அடுக்களைக்குப் போய் நீ நின்ற இடத்தில் வெறுங்காலோடு நின்று பார்த்தேன். சில்லென்றுதான் இருக்கிறது. அங்கே உன்னை அத்தனை மாதம் நிற்க வைத்திருக்கிறேன். சமோசா தின்கிறவர்களுக்கு நடுவில்.

கிளப் வழக்கமெல்லாம் கிடக்கட்டும். ஔந்திலேயே வேலை என்பதால் ஹால் சாவி இப்போது அம்ருதாவிடம் இருக்கிறது, அவள் ஊரிலிருந்து அடுத்த வாரம்தான் வருகிறாள். வருகிற இருபதாம் தேதி ஞாயிறு உன் படத்தைக் கழற்றிக் கிழித்துப் போடுகிறேன். அங்கிருந்து நேரே கசபா பேட்டை போய் சுஷ்மா தாயியின் ஃப்ரேமை அவள் வீட்டிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வருகிறேன். அவளிடமிருந்து எடுத்தது, அவளிடமே இருக்கட்டும்.

ஒரே ஓர் ஆசை. அத்தனை வாரம் கீழே நின்று அந்த ஜன்னலை எடுத்திருக்கிறேன். அந்த ஜன்னலிலிருந்து கீழே பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு படம். அதோடு சரி, கேமராவைப் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.

பத்ரி


கோயம்புத்தூர்,
21 ஜூலை 2025

என் பத்ரிக்கு,

நேற்று மத்தியானம் அம்மாவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். காலுக்கடியில் சில்லென்றிருந்தது சட்டென்று போய்விட்டது. இந்த வீட்டுத் தரை சுட்டது. காதிலிருந்து யாரோ போனை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன் பத்ரி. அப்பா போனதிலிருந்து இப்போதுதான் சரியாக அழுதேன். அம்மா தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் எனக்குப் பசித்தது. இரண்டு தட்டு உப்புமா சாப்பிட்டேன் என்றால் நம்புவாயா?

நீ எடுத்துவிட்டாய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது, தபாலில் எங்கேயோ தூங்கியிருக்கிறது. மாட்டி மாட்டிக் கழற்றினேன் என்று நீ எழுதியதைப் படித்தபோது உன்னை அறையலாம் போல இருந்தது. மறைக்காமல் எழுதினாயே, அதனால் பிழைத்தாய்.

அந்த வீட்டுக்குள் நீ போயிருக்கக்கூடாது. ஜன்னலும் வேண்டாம், கடைசிப் படமும் வேண்டாம். அதைச் சொல்லத்தான் வைராக்கியத்தை விட்டுக் காலையிலிருந்து போன் செய்கிறேன். நீ எடுக்கவில்லை. இத்தனை நாள் நான் எடுக்கவில்லை, இப்போது உன் முறை போலிருக்கிறது. சரி, நியாயம்தான்.

அண்ணாவிடம் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குர்லா எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தது. வருகிற ஞாயிறு புனே வந்து இறங்குகிறோம். ஸ்டேஷனுக்கு வா. கேமராவை எடுத்து வா என்று பட்டு எழுதச் சொல்கிறாள். எடுத்து வா, முறைக்க மாட்டேன். எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேள், அவ்வளவுதான்.

உன் வைஷு


கசபா பேட்டை, புனே,
ஞாயிறு

வைஷு,

உன் படம் இறங்கிவிட்டது. அது இறங்கினால் வருவேன் என்றாய், வந்திருப்பாய். அதனால் கராடி முகவரியைப் போட்டே எழுதுகிறேன். இந்த இன்லண்டு கடிதம் போன ஞாயிறிலிருந்து என் சட்டைப் பையில் இருக்கிறது. நல்ல செய்தி எழுதலாம் என்று வாங்கி வைத்தது.

போன ஞாயிறு அம்ருதா ஹாலைத் திறந்துவிட்டாள். உன் படத்தை நானே கழற்றி, அங்கேயே கிழித்தேன். அம்ருதாவுக்கு மனசே ஆகவில்லை. பிறகு இருவரும் இங்கே வந்தோம். பையையும் போனையும் அவளிடம் கொடுத்துவிட்டு, ஃப்ரேமும் கேமராவுமாக மேலே ஏறினேன். மாடி அறையில் ஃப்ரேமைக் கவிழ்த்து வைத்தேன். படியில் புடவைச் சத்தம் கேட்டது. சுஷ்மா தாயி கையில் பால் தூக்கோடு இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

அப்போதே நானும் இறங்கியிருக்கலாம். அந்த ஒரு படத்துக்காக ஜன்னலுக்கு வந்தேன். கம்பி வழியாகக் கீழே பார்த்தேன். அம்ருதா அண்ணாந்து, தன் புதுக் கேமராவை உயர்த்திப் பிடித்திருந்தாள். வெளிச்சம் அவ்வளவு நன்றாக இருந்தது, அவள் மேல் தப்பில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுத்தோம் என்று நினைத்தேன். அவள்தான் முந்திக்கொண்டாள்.

என் கை கம்பியை விட்டு வரவில்லை. வேண்டாம், அழித்துவிடு என்று கத்தினேன். எனக்கு என் குரல் கேட்டது, அவளுக்கு எட்டவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன். "போட்டோ காட், போட்டோ காட்." அது மட்டும் எட்டியது. அம்ருதா சிரித்துக்கொண்டே இன்னொன்று எடுத்தாள். "சூப்பரா வந்திருக்கு. ஹால்ல ஒரு ஆணி காலியா இருக்கே, அங்க மாட்டறேன்" என்றாள். மழை வந்ததும், பையை நாளைக்குத் தருகிறேன் என்று கையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

இன்றைக்கு மறுபடியும் வந்தாள். நான் ஜன்னலில் நிற்பதைப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் ஒரு வாரமாக வீட்டுக்குப் போகவில்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சுஷ்மா தாயியைப் பற்றி எனக்கு மட்டும் தோன்றியதா? படத்தை மாட்டியாயிற்றாம், எல்லோரும் பாராட்டுகிறார்களாம். டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்க்கிறார், அவர் கண்ணுக்கு நான் இல்லை. எடுத்தவள் கண்ணுக்கு மட்டும்தான் இருக்கிறேன். நீயும் பட்டுவும் இங்கே வந்து நின்றால் நான் உங்களைப் பார்ப்பேன். நீங்கள் என்னைப் பார்க்க மாட்டீர்கள். அதனால் இங்கே வராதே, எனக்குத் தாங்காது. நேரே ஔந்துக்குப் போ.

ஒரு கை மட்டும் கொஞ்சம் வெளியே நீள்கிறது. இந்தக் கடிதத்தைக் கீழே போடுகிறேன். டீக்கடைக்காரர் நல்லவர், கீழே கிடக்கிற தபாலைப் பெட்டியில் சேர்ப்பார்.

ஹாலில் நீ நின்ற அதே இடத்தில்தான் என் போட்டோ இருக்கிறது. அதை எடுத்துவிடு, வைஷு. நீ கேட்டபோது நான் சிரித்தேன், தெரியும். எடுத்துவிடு. சாவிக்கு அம்ருதாவைத்தான் கேட்க வேண்டியிருக்கும். பட்டுவை முன்னால் விட்டுப் பேசச் சொல், அவளுக்குத்தான் மராத்தி சரியாக வரும். நீ பேச வேண்டாம். பதற்றத்தில் "போட்டோ காட்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அம்ருதா கழுத்தில் எப்போதும் கேமரா இருக்கிறது.

பத்ரி